ஓடு மாறினாலும் நடை மாறாது



வைத்தியரான நான் கணினி வைரஸ் பற்றிப் பேசக் காரணம் ஒரு பென் டிரைவ். சில வருடங்களுக்கு முன் வீட்டிலிருந்து கொண்டுபோன அதை வேலைத்தலக் கணினியில் செருகினேன். வைரஸ் தடுப்பு மென்பொருள் எதுவும் சொல்லவில்லை. மறுநாள் நோயாளர் பதிவுகள் திறக்கவில்லை. பழி ஓர் இளம் எழுதுவினைஞர் மேல் விழுந்தது. "அது என்னுடையது" என்று சொல்ல எனக்கு இரண்டு நாள் எடுத்தது. அதற்குள் இன்னும் மூன்று கணினிகளுக்குப் பரவிவிட்டது.

திருத்த வந்த தம்பி விளக்கினார். தடுப்பு மென்பொருள் பழைய வைரஸ்களின் கைரேகையை வைத்துத் தேடும். சில வைரஸ்களோ ஒவ்வொரு முறை பரவும்போதும் தம்மை வேறு சாவியால் பூட்டிக்கொண்டு கைரேகையை மாற்றிவிடும்.

நமது வாவி நண்டைப் பாருங்கள். பழைய ஓட்டைக் கழற்றிப் புது ஓடு போட்டாலும் நடப்பது பக்கவாட்டில்தான். வைரஸும் வேலை செய்ய வேண்டுமானால் கணினியின் நினைவகத்தில் தன் பூட்டைத் திறக்க வேண்டும். அங்கே அதன் நடை தெரிந்துவிடும்.

2019இல் தமிழ்நாட்டின் கூடங்குளம் அணுமின் நிலையத்தில், நிர்வாக வேலைக்கான கணினியொன்றில் புகுந்த டிட்ராக் இத்தகையது. அதன் உண்மையான நிரல் வேறு கோப்புகளுக்குள் பூட்டி மறைக்கப்பட்டிருந்தது. நினைவகத்தில் திறந்து கிடந்த துண்டுகளை ஒப்பிட்டுத்தான் காஸ்பர்ஸ்கி ஆய்வாளர்கள் டிட்ராக்கின் 180க்கு மேற்பட்ட மாதிரிகளை அடையாளம் கண்டார்கள்.

செய்தி வெளியானதும், ஒக்டோபர் 29இல் நிலையம் அதைப் பொய் என்றது. மறுநாளே இந்திய அணுமின் கழகம் வைரஸ் இருந்ததை ஒப்புக்கொண்டது. செப்டெம்பர் 4இலேயே எச்சரிக்கை கிடைத்திருந்தது. உலையை இயக்கும் கணினிகள் தனி வலையமைப்பில் இருந்ததால் பாதிக்கப்படவில்லை என்றும் கழகம் கூறியது.

மறைக்கத் தோன்றுவது மனித இயல்பு. நானும் மறைத்தேன். ஆனால் கணினி திடீரென மந்தமாவதையும், கோப்புகளின் பெயர் மாறுவதையும் முதலில் காண்பவர் அதன் முன் இருப்பவர்தான். அவர் பயமின்றிச் சொன்னால்தான் காய்ச்சல் தொடக்கத்திலேயே பிடிபடும்.

இந்த வகுப்பறைகளில் ஏதாவது உடைந்தால் உடைத்தவள் தானாக எழுந்து நிற்பாள். உண்மை சொன்னவளை ரீச்சர் ஏசமாட்டா. இன்று உங்களில் பலர் அலுவலகங்களுக்குப் பொறுப்பாக இருக்கிறீர்கள். உங்கள் பிள்ளைகளும் ஊழியர்களும் அப்படி எழுந்து நிற்க இடம் கொடுங்கள். அந்த எழுதுவினைஞரிடம் நான் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். கேட்க வேண்டிய நாளில் கேட்கவில்லை என்பதுதான் இன்னும் மனதை உறுத்துகிறது.