வைகறை ஒளியும் பறவைப் பெயரும்



மொழி வளர்க்கும் மேடையில் பறவைகளைப் படமெடுப்பதைப் பற்றி ஏன் பேச வேண்டும் என்னும் வினா உங்களுள் சிலருக்கு எழலாம். நம் மாணவர்கள் இன்று மிக நல்ல படங்களை எடுக்கிறார்கள். ஆனால், அப்படத்தின் கீழே தமிழில் எழுதும் குறிப்பு ‘ஓர் அழகான பறவை’ என்பதோடு நின்றுவிடுகிறது. படத்தில் உள்ள தெளிவு சொல்லில் இல்லை. அத்தெளிவைச் சொல்லுக்கும் கொண்டுவருவது எப்படி என்பதே இன்று நாம் எண்ணிப் பார்க்க வேண்டிய பொருள்.

முதலில் பொழுதைப் பார்ப்போம். தொல்காப்பியம் வைகறை, விடியல் என்னும் இரண்டையும் மருதத் திணைக்கு உரிய சிறுபொழுதுகளாகக் கூறுகிறது. இன்றைய பேச்சில் இரண்டையும் ‘காலை’ என்றே சொல்லிவிடுகிறோம். பறவைகளைப் படமெடுப்போருக்கோ இவ்வேறுபாடு இன்றியமையாதது. வைகறையின் இறுதியில் வானம் வெளுத்திருக்கும், கதிரவன் எழுந்திராது. அப்போது பறவையின் நிறம் தெரியாது. உருவக் கோடு மட்டுமே தெரியும். விடியலில் தாழ்ந்த கதிர் காற்றுமண்டலத்தினூடே நெடுந்தொலைவு வருவதால் அதன் நீலக் கூறு சிதறிப்போகிறது. எஞ்சிய பொன்னொளி பறவையின் பக்கவாட்டில் படுகிறது. இறகின் நிறமும் அடுக்கும் அப்போதே புலப்படுகின்றன.

சிங்கப்பூரில் கதிரவன் எழுவது ஏறத்தாழ 7 மணிக்கு. 1982 சனவரி முதல் நாளன்று நம் கடிகாரங்கள் 30 நிமிடம் முன்னகர்த்தப்பட்டதும் இதற்கு ஒரு காரணம். நிலநடுக்கோட்டின் அருகே கதிரவன் ஏறத்தாழச் செங்குத்தாக எழுந்து, ஒரு மணி நேரத்தில் 15 பாகை அளவுக்கு உயர்ந்துவிடுகிறது. ஆகவே பொன்னொளி இங்கு நெடுநேரம் நில்லாது. 8 மணிக்குப் பின் ஒளி கடுமையாகி, கொக்கின் வெண்மை வெறும் வெள்ளைத் திட்டாகிவிடும். இருண்ட சதுப்பின் முன் நிற்கும் கொக்கைக் கருவி தன் போக்கில் அளந்தால் விடியலிலும் இக்குறை நேரும். எனவே ஒளியளவைச் சற்றுக் குறைத்தே எடுக்க வேண்டும். பறக்கும் பறவைக்கு ஷட்டர் வேகம் நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்காவது வேண்டும். ஒளி போதாதபோது ஐஎஸ்ஓ அளவை உயர்த்திக்கொள்ளலாம். குவியம் பறவையின் கண்ணில் இருக்க வேண்டும்.

இனிப் பெயருக்கு வருவோம். தமிழில் பறவைப் பெயர்கள் பல, எதைக் காண வேண்டும் என்று நமக்கே சொல்லிக்கொடுப்பவை. மீன்கொத்தி, மரங்கொத்தி, வாலாட்டி ஆகியவை செயலால் அமைந்த பெயர்கள். பவளக்காலி உறுப்பும் நிறமும் சேர்ந்து அமைந்த பெயர். வெண்தொண்டை மீன்கொத்தி என்னும்போது, பொதுப்பெயருக்கு முன் அடை சேர்ந்து வகையைப் பிரித்துக் காட்டுகிறது. செயலால் பெயர் பெற்ற பறவையை, அது அச்செயலைச் செய்யும் கணத்தில் படமெடுக்க முயல வேண்டும். பவளக்காலியின் கால் நிறம் வைகறையில் தெரியாது. அதற்கு விடியல் வரை காத்திருக்க வேண்டும். ஆனால் நாரையின் நீண்ட கழுத்தும் வளைந்த நிலையும் வைகறையின் நிழலுருவிலேயே அடையாளம் காட்டிவிடும்.

பழஞ்சொற்களையும் நாம் கைவிட வேண்டியதில்லை. மீன்கொத்திக்குச் சிரல் என்றும் சிச்சிலி என்றும் பெயருண்டு. பறவையின் இளமைப் பெயராகப் பார்ப்பு, பிள்ளை என்னும் சொற்களைத் தொல்காப்பிய மரபியல் பதிவு செய்கிறது. ‘குட்டிப் பறவை’ என்று எழுதும் மாணவருக்குப் ‘பார்ப்பு’ என்னும் சொல்லைக் கொடுத்தால் அவர் அதை மறக்கமாட்டார். சொல்லோடு படமும் நினைவில் நிற்கும்.

பெயரிட்டுப் பதிவு செய்வதால் என்ன பயன் என்று கேட்பீர்களாயின், சுங்கை பூலோவை நினைத்துப் பாருங்கள். ஒரு காலத்தில் இறால் வளர்ப்புக் குளங்கள் இருந்த இடம் அது. 1986ஆம் ஆண்டில் பறவை ஆர்வலர்கள் அங்கு வலசைப் பறவைகள் திரண்டு வருவதைக் கண்டு, அவ்விடத்தைக் காக்க வேண்டும் என்று வலியுறுத்தினர். 1993இல் அது இயற்கைப் பூங்காவாகத் திறக்கப்பட்டது. 2002இல் சதுப்புநிலக் காப்பகமாயிற்று. ‘அங்கே நிறையப் பறவைகள் உள்ளன’ என்று மட்டும் சொல்லியிருந்தால் எவர் செவிசாய்த்திருப்பார்? இன்ன பறவை, இன்ன காலத்தில், இத்தனை வந்தது என்று சொல்ல முடிந்தால்தான் வாதம் வலுப்பெறும். பெயரில்லாத ஒன்று மறைந்தால், மறைந்தது எது என்றுகூட நம்மால் சொல்ல இயலாது.

பதிவு செய்யும் ஆர்வம் பறவைக்குத் தீங்காகவும் கூடாது. கூட்டின் அருகே சென்றால் தாய்ப்பறவை முட்டைகளை விட்டு விலகக்கூடும். பதிவு செய்த குரலை ஒலிக்கவிட்டு அழைத்தால், தன் எல்லைக்குள் மற்றொரு பறவை நுழைந்ததென அது வீணே அலையும். இரைகாட்டி வரவழைப்பதும் முறையன்று. 2020 முதல் காட்டுயிர்களுக்கு உணவிடுவது நம் நாட்டில் சட்டப்படியும் குற்றமாகும். நம் வருகையால் பறவை தன் செயலை நிறுத்தினால், நாம் மிகையாக நெருங்கிவிட்டோம் என்றே பொருள்.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். மாணவர் எடுக்கும் ஒவ்வொரு படத்தின் கீழும் ஐந்து செய்திகளைத் தமிழில் எழுதச் செய்யுங்கள்: பறவையின் பெயர், இடம், நாளும் நேரமும், ஒளியின் நிலை, பறவை செய்துகொண்டிருந்த செயல். கடலோரமாயின் ஓதத்தின் நிலையையும் சேர்க்கலாம். ஓதம் உயர்ந்து சேற்றுநிலம் மூழ்கும்போதுதான் உள்ளான்களும் பவளக்காலிகளும் சுங்கை பூலோவின் குளங்களுக்கு வந்து ஒதுங்குகின்றன. பெயர் தெரியாவிட்டால் ‘பறவை’ என்று எழுதிவிடாமல், அலகு, கால், வால், நிறம் ஆகியவற்றை விரித்து எழுதட்டும். அவ்விரிவிலிருந்து பெயரைத் தேடிக் கண்டுபிடிப்பது வகுப்பறைப் பயிற்சியாகட்டும்.

மாணவர்களே, நீங்கள் பள்ளிக்குப் புறப்படும் நேரமும் பறவைகள் இரைதேடப் புறப்படும் நேரமும் ஒன்றே. பேருந்து நிறுத்தத்தில் நிற்கும்போதே கேட்கத் தொடங்கலாம்; கையில் கருவி இல்லாவிட்டாலும் குறிப்பேடு போதும். நாளை காலை நீங்கள் காணும் முதல் பறவையின் தமிழ்ப்பெயரை அன்று மாலைக்குள் அறிந்து, உங்கள் ஆசிரியரிடம் சொல்லுங்கள்.