பாசம் என்று பேர் வைத்த ஊழியம்

(பெரம்பலூர்க் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

கவிதை வாசிக்கத்தான் கூப்பிட்டீர்கள். நான் எங்கக்காவைப் பற்றிப் பேசப் போகிறேன்.

அரியலூர் பக்கம் எங்கள் சேரி. அப்பாவுக்குச் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் கூலி வேலை. அம்மா களையெடுக்கப் போவாள். தம்பிக்குப் பிறவியிலேயே மூளை முடக்குவாதம். 'புள்ளைய யாரு பாக்குறது?' என்று ஏழாம் வகுப்போடு அக்காவை நிறுத்தினார்கள். நான் வளர்ந்த பிறகும் என்னைப் பார்த்து யாரும் அதைக் கேட்கவில்லை. பட்டம் வாங்கினேன், வங்கி எழுத்தர் ஆனேன். அம்மா செத்த பிறகும் அக்காதான். தூக்கித் தூக்கி அவள் இடுப்பே போய்விட்டது. 'அக்கா தெய்வம்' என்று நான் கவிதை எழுதி அச்சில் பார்த்தேன். வெட்கமாயிருக்கிறது.

மகர்களின் பரம்பரை ஊழியத்தை எதிர்த்து 1928இல் பம்பாய் சட்டசபையில் அண்ணல் அம்பேத்கர் மசோதா கொண்டுவந்தார். நேரங்காலமில்லாத வேலை. கூலிக்குப் பதில் துண்டு நிலமும் கொஞ்சம் தானியமும். அதை அநீதி என்கிற நாம், அக்காவுக்கு அந்தத் தானியம்கூட இல்லாமல் பாசம் என்று பேர் வைத்தோம்.

ஒருநாள் என் கவுன்ட்டருக்கு ஒரு பெண், பேச வராத அண்ணனோடு வந்தாள். 'அம்மா செத்துட்டாங்க சார், இவரு கணக்க இனிமே யாரு பாக்குறது?' 'சர்டிபிகேட் கொண்டாங்க' என்று அனுப்பிவிட்டேன். எந்த சர்டிபிகேட் என்று எனக்கே தெரியாது. ராத்திரிதான் படித்தேன். 1999ஆம் வருட தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, மூளை முடக்குவாதம், மனவளர்ச்சிக் குறைபாடு உள்ளவர்களுக்குக் காப்பாளராக உறவினரும் மனு செய்யலாம். ஆட்சியர் இருக்கும் உள்ளூர்க் குழு சான்று தரும். வங்கிகள் அதை ஏற்கலாம் என்று 2007லேயே ரிசர்வ் வங்கி சொல்லிவிட்டது. 2016ஆம் வருடச் சட்டம் வீட்டாரையும் பராமரிப்பாளர் என்கிறது, அதிக உதவி தேவைப்படுவோருக்குப் பராமரிப்புப் படி பற்றியும் பேசுகிறது.

2007இல் அரியலூர் மறுபடி தனி மாவட்டமானது. ஆட்சியர் அலுவலகம் பக்கம் வந்துவிட்டது. ஆனால் தம்பியை யாரிடம் விட்டுவிட்டு அக்கா பஸ் ஏறுவாள்?

தம்பி பாரமில்லை, தோழர்களே. ஒருத்தி தலையிலேயே எல்லாவற்றையும் கட்டினோமே, அதுதான் பாரம். நிலம், கூலி என்று நாம் போடும் கோரிக்கைப் பட்டியலில் பராமரிப்புப் படியையும் சேரிக்குள் ஒரு பகல் காப்பகத்தையும் சேருங்கள். ஆண்கள் முறை வைத்துப் பாருங்கள்.

போன ஞாயிறு நான் சோறூட்டினேன். தம்பி தட்டைத் தள்ளிவிட்டான். அக்கா சிரித்தாள்: 'மொதல்ல ஒரு மொடக்கு தண்ணி குடுக்கணும்டா அவனுக்கு.'

அவனுக்கு முப்பது வயசு. இது எனக்குத் தெரியாது.