பெட்டிக்குப் பூசையா, பெண்ணுக்குப் படிப்பா?
(மூலனூரில் மாணவர்களுக்கும் பெற்றோர்களுக்கும் ஆற்றிய சொற்பொழிவின் சுருக்கம்)



ஒரே ஆசிரியர் ஓரிடத்திலிருந்து பல ஊர்ப் பிள்ளைகளுக்கும் பாடம் நடத்தும் காலம் வரும் என்பதாகப் பெரியார் 1940-களிலேயே 'இனி வரும் உலகம்' என்பதில் சொன்னார். ஜோசியம் பார்த்துச் சொன்னதல்ல, யோசித்துச் சொன்னது. 2011-ல் சர்க்காரே பிள்ளைகளுக்கு இலவச மடிக்கணினி கொடுக்க ஆரம்பித்தது.

1953-ல் ராஜாஜி, பிள்ளைகள் அரைநாள் படித்தால் போதும், மீதி நேரம் அப்பன் தொழிலைப் பழகட்டும் என்று ஒரு திட்டம் கொண்டு வந்தார். 1954-ல் அது ஒழிந்தது. சர்க்காரில் ஒழிந்ததே தவிர வீட்டில் ஒழிந்ததா என்று பெற்றோர்களைக் கேட்கிறோம். மகனுக்குக் கம்ப்யூட்டர், மகளுக்குத் திருப்பூர் பனியன் கம்பெனி என்று பிரித்தது எந்தச் சாஸ்திரம்? கம்பெனி வேலை இழிவென்று நாம் சொல்ல வரவில்லை. அங்கேயே இன்று துணி வெட்டும் அளவைக் கம்ப்யூட்டரில் வரைகிறார்கள். அதை வரைகிறவள் உங்கள் மகளாயிருந்தால் என்ன?

இன்னொரு வேடிக்கை! ஆயுத பூசையன்று அந்தப் பெட்டிக்கே சந்தனம், குங்குமம் வைத்து, இன்று தொடாதே என்கிறார்கள். சரஸ்வதியைக் கும்பிட்டே வந்த இந்நாட்டில் 1901-ல் நூற்றுக்கு ஆறு பேருக்குக்கூட எழுத்து வாசனை இல்லை. மாணவர்களே! அடுத்த பூசைக்குப் பொட்டு வைப்பதை விட்டு, பழுதான பெட்டி ஒன்றைக் கழற்றி உள்ளிருப்பதைக் காட்டும்படி உங்கள் ஆசிரியரைக் கேளுங்கள்.