இல்லத்தில் நம்பிக்கையும் நன்றியும்



நான் ரவாங் வட்டாரத்தில் ஒரு தோட்டப் பள்ளியில் பணியாற்றும் ஆசிரியை. பால்மரம் சீவிய ஒரு தாயின் மகள். ஆகவே, இன்று நான் சொல்லப்போகும் செய்திகளில் சில பயிற்சிக் கல்லூரியில் கற்றவை. பல, லயத்து வீட்டு அடுப்படியில் கற்றவை.

நம் மக்களிடம் பக்திக்குக் குறைவே இல்லை. தைப்பூசம் வந்தால் காவடி ஏந்திப் பத்துமலையின் 272 படிகளையும் ஏறுகிறோம். ஆடி மாதத்தில் தோட்டத்து மாரியம்மனுக்குக் கூழ் வார்க்கிறோம். தைப்பொங்கலன்று சூரியனுக்கும், மறுநாள் மாட்டுக்கும் நன்றி கூறுகிறோம். தேவாலயம் செல்வோரும் பள்ளிவாசல் செல்வோரும் தத்தம் திருநாட்களில் அவ்வாறே இறைவனை நினைக்கின்றனர். ஆனால், விழா முடிந்து பந்தல் பிரித்த மறுநாள் காலையில் அந்த நம்பிக்கையும் நன்றியும் எங்கே போகின்றன? இதுதான் இன்றைய கேள்வி.

என் தாயார் எழுத்தறியாதவர். ஆனால், விடியுமுன் தலைவிளக்கோடு காட்டுக்குள் போனதும் தம் நிரையின் முதல் மரத்தைத் தொட்டு, கையை நெற்றியில் வைத்துக்கொள்வார். அதன் பிறகே கத்தியை எடுப்பார். "மரத்துக்கு ஏனம்மா கும்பிடு?" என்று சிறுமியாக இருந்தபோது கேட்டேன். "அதை அறுத்துத்தானே உனக்குச் சோறு போடுறேன்" என்றார்.

நேயர்களே, அந்தக் கும்பிடு வெறும் சடங்கன்று. பால்மரத்தின் பால், பட்டைக்குள் இருக்கும் நுண்ணிய குழாய்களில் ஓடுகிறது. குளிர்ந்த விடியற்காலையில் அக்குழாய்களில் அழுத்தம் மிகுந்திருக்கும். வெயில் ஏறி இலைகள் நீரை வெளிவிடத் தொடங்கினால் அழுத்தம் குறைந்து பால் வருவதும் குறையும். அதனால்தான் இருட்டோடு வேலை தொடங்கவேண்டியிருந்தது. பட்டைக்கு அடியில், மரத்தை வளர்க்கும் மெல்லிய படலம் ஒன்று உண்டு. கத்தி ஆழமாகப் போய் அதைக் கிழித்துவிட்டால் காயம் ஏற்படும். புதுப்பட்டை மேடும் பள்ளமுமாக வளரும். மறுபடி அங்கே நன்றாகச் சீவ முடியாது. பட்டையை மட்டும் மெல்லியதாகச் சீவினாலோ அது மீண்டும் வளர்ந்து, ஒரே மரம் இருபது ஆண்டுகளுக்கு மேலும் பால் தரும். மரத்தைக் கும்பிட்ட கை அதைக் காயப்படுத்த அஞ்சியது. நன்றி என்பது வாயில் மட்டும் இருப்பதன்று, வேலை செய்யும் விரலிலும் இருப்பது என்பதை நான் அங்கேதான் கண்டேன்.

இன்று இவ்வட்டாரத்துப் பால்மரக் காடுகள் பலவும் செம்பனையாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறிவிட்டன. ஆனால், பாடம் மாறவில்லை.

ஒரு மாணவன் ஒருநாள் என்னைக் கேட்டான்: "டீச்சர், என் தாத்தா முப்பது வருசம் உழைச்சாரு. கடைசியில சொந்த வீடுகூட இல்ல. நாங்க யாருக்கு நன்றி சொல்லணும்?" நேயர்களே, அந்தப் பிள்ளையின் கேள்வியை வாயடைத்து அனுப்புவது பாவம். அதற்கு நேர்மையாகப் பதில் சொல்லவேண்டும்.

முதலில், நன்றி வேறு, பணிந்து கிடப்பது வேறு. ஒரு காலத்தில் தோட்டத்தில் துரையைக் கண்டால் சைக்கிளைவிட்டு இறங்கி நிற்கவேண்டும். அதைத் துரைக்குக் காட்டும் விசுவாசம் என்றார்கள். 1941-ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நம் மக்கள் பெரிய வேலைநிறுத்தம் செய்தார்கள். கூலி உயர்வு மட்டுமா கேட்டார்கள்? துரைக்கும் கிராணிக்கும் முன்னால் சைக்கிளைவிட்டு இறங்காமல் செல்லும் உரிமை கேட்டார்கள். பிள்ளைகளுக்கு முறையான கல்வி கேட்டார்கள். கள்ளுக்கடையை மூடச் சொன்னார்கள். பெண்களுக்குத் தொல்லை கொடுப்பது நிற்கவேண்டும் என்றார்கள். படை வந்தது, உயிர்கள் பலியாயின, முன்னின்ற ஆர்.எச். நாதன் நாடு கடத்தப்பட்டார். அன்று அவர்கள் கேட்ட கல்வியைத்தான் இன்று நம் பிள்ளைகள் பெறுகிறார்கள். ஆகவே அந்த மாணவனிடம் சொன்னேன்: "தம்பி, உழைத்த தாத்தாவுக்கு நன்றி சொல். நீ படிக்கவேண்டும் என்று கேட்டு அடிபட்டவர்களுக்கு நன்றி சொல். உன் தாத்தாவுக்கு வரவேண்டியது வராமற்போனதை மறந்துவிடாதே. நன்றியுள்ளவன் நியாயத்தையும் மறக்கமாட்டான்."

அடுத்து, நம்பிக்கை வேறு, தலைவிதி என்று சாய்ந்துகொள்வது வேறு. நாடு விடுதலை பெற்ற காலத்தை ஒட்டிப் பெரிய தோட்டங்கள் பல துண்டு துண்டாக விற்கப்பட்டன. வேலையும் லயத்து வீடும் ஒரே நாளில் போகும் நிலை. அப்போது அமைச்சராக இருந்த வீ.தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். தோட்டம் தோட்டமாகச் சென்று, சிறுகச் சிறுகப் பங்குப் பணம் கட்டும்படி தொழிலாளர்களைக் கேட்டார். நாட்கூலி வாங்கியவருக்குப் பத்து வெள்ளி சிறிய தொகையா? கண்ணால் காணாத ஒரு தோட்டத்துக்காக, நாளை நம் பிள்ளைக்கு ஆகும் என்று கட்டினார்கள். 1961-இல் கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டம் வாங்கப்பட்டது. துண்டாடப்பட்டிருக்கக்கூடிய நிலம் தொழிலாளர் சங்கத்துக்குச் சொந்தமாயிற்று. என் கண்ணுக்கு இதுவும் ஒரு வழிபாடுதான். சாமி படத்துக்கு முன் கைகூப்புவதும் நம்பிக்கை. நாளைக்கென்று இன்று ஒரு வெள்ளியை எடுத்து வைப்பதும் நம்பிக்கை.

இனி, என் தவற்றையும் சொல்லிவிடுகிறேன். நான் வேலைக்கு வந்த புதிதில், ஆசிரியர் தினத்தன்று ஒரு பாட்டி பள்ளிக்கு வந்தார். தாயில்லாத பேரனை வளர்ப்பவர். காலிப் பால் டின்னில் உமி பரப்பி, தம் கோழி இட்ட ஆறு முட்டைகளைக் கொண்டுவந்திருந்தார். நானோ, "இதெல்லாம் எதற்குப் பாட்டி? சம்பளத்துக்குத்தானே சொல்லிக்கொடுக்கிறேன், எடுத்துப் போங்கள்" என்றேன். ஏழையிடம் வாங்கக்கூடாது என்ற நல்லெண்ணந்தான். பாட்டி பேசாமல் திரும்பிவிட்டார். மறுநாள் பேரன் சொன்னான்: "பாட்டி ராத்திரி சாப்பிடல, டீச்சர்."

அன்று மாலை அவர் வீட்டுக்குப் போனேன். "பாட்டி, பசிக்கிறது. முட்டை பொரித்துத் தாருங்கள்" என்றேன். அவர் முகம் மலர்ந்ததை இன்றும் மறக்கவில்லை. கொடுப்பவருக்குத் தாமும் கொடுக்கத்தக்கவர் என்ற நிமிர்வு வேண்டும். வாங்க மறுத்து அந்த நிமிர்வை நான் பறித்திருந்தேன். நன்றி சொல்வது ஒரு பண்பு. பிறர் சொல்லும் நன்றியை மனமாரப் பெற்றுக்கொள்வதும் ஒரு பண்பு. வள்ளுவர் செய்ந்நன்றி அறிதலுக்கென ஓர் அதிகாரமே ஒதுக்கினார். அதை மனப்பாடம் செய்திருந்த எனக்கு, எழுதப் படிக்கத் தெரியாத பாட்டி பொருள் சொல்லிக்கொடுத்தார்.

சரி, வீட்டில் என்ன செய்யலாம்? பெரிய செலவு ஒன்றும் வேண்டாம். இரவுச் சோற்றுக்கு உட்காரும்போது, அன்று தமக்கு உதவிய ஒருவரைப் பற்றி ஒவ்வொருவரும் ஒரு வார்த்தை சொல்லுங்கள். கடைக்காரராக இருக்கலாம், பக்கத்து வேலையில் நிற்கும் அயல்நாட்டுத் தொழிலாளியாக இருக்கலாம். அவரும் நம் தாத்தாவைப் போலக் கடல் கடந்து வந்தவர்தாம் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

தந்தைமார்களே, சோறு சமைத்தவளுக்கு ஒரு நல்ல சொல் சொல்லுங்கள். "வீட்டுக்காரிக்கு என்ன நன்றி?" என்று சிரிக்காதீர்கள். அப்பா சொல்வதைக் கேட்டுத்தான் மகனும் பழகுவான்.

சம்பள நாளன்று, கடைக்கடனைத் தீர்க்கும் முன், உண்டியலில் போடும் காசோடு பிள்ளையின் படிப்புக்கென ஒரு சிறு தொகையையும் தனியே எடுத்து வையுங்கள். சாமிக்கு நேர்ந்துகொண்டதைத் தவறாமல் செலுத்துகிறோம். பிள்ளைக்கு நேர்ந்துகொண்டதையும் அப்படியே செலுத்துவோம்.

பத்துமலையில் 272 படிகளையும் ஒரே மூச்சில் தாண்டுபவர் எவரும் இல்லை. ஒவ்வொரு படியாகத்தான் ஏறுகிறோம். அன்றாட வாழ்விலும் அப்படித்தான். இன்றிரவு சோற்றுக்கு உட்காரும்போது முதற்படியில் கால் வையுங்கள்.

என் தாயாருக்கு இப்போது வயதாகிவிட்டது. அவர் வெட்டிய காடும் இல்லை. ஆயினும் வீட்டு வாசலில் நிற்கும் ஒரு மரத்தைக் காலையில் தொட்டுக் கும்பிடுகிறார். இப்போது நான் காரணம் கேட்பதில்லை. பக்கத்தில் நின்று நானும் தொடுகிறேன்.