பட்டர் புரூட் மரத்தடியில் என்ன நடலாம்?
(தோட்டத்து மாதர் கூட்டத்தில் பேசியது)



லயத்துக்குப் பின்னால் நமக்கு இருப்பது கையகலத் தரை. அதில் பாதியைப் பட்டர் புரூட் மரம் மூடிக்கொள்கிறது. "அதுக்குக் கீழே ஒண்ணும் வராதுங்க" என்று சும்மா விடுகிறோம். இல்லாவிட்டால் வருசா வருசம் மம்பட்டியால் கொத்தி இஞ்சியும் சேம்பும் போடுகிறோம். சும்மா விட்டாலும் பரவாயில்லை, இந்தக் கொத்துத்தான் கெடுதல்.

இந்த மரத்தின் வேர் ஆழத்துக்குப் போவதில்லை. சத்தை உறிஞ்சும் சின்ன வேர்கள் பெரும்பாலும் மேல்மண்ணில், 6 அங்குலத்துக்குள்ளேயே படர்ந்திருக்கும். சருகை விலக்கினாலே சில இடத்தில் கண்ணுக்குத் தெரியும். கொத்தும்போது அறுவது அந்த வேர்கள்தான். வேர் அறுந்த மரத்தை அழுகல் நோய் லேசாகப் பிடிக்கும். இலை சிறுத்து, நுனிக்கிளை காய்ந்து, காயும் குறையும். காய் விற்ற காசில் பிள்ளைகளுக்குக் கொப்பி வாங்கும் வீடுகள் நம்மில் எத்தனை!

ஆகவே ஒருமுறை நட்டால் பல வருசம் நிற்கிற, நிழல் தாங்குகிற செடிதான் அங்கே வேண்டும். ரம்பை, வல்லாரை, ஏலம் மூன்றும் சரிவரும். குளிர் கூடிய மேல்மலையில் ரம்பையை நம்ப வேண்டாம். ஏலத்துக்கு இலை இடுக்கால் விழும் வெளிச்சம் தேவை. தண்டை ஒட்டி வைக்காமல் கிளை நுனிக்கு நேர்கீழே வையுங்கள். காய் பார்க்க மூன்று வருசமாகும், பொறுக்கத்தான் வேணும்.

நடும்போது மம்பட்டியை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். பழைய கத்தி ஒன்று போதும். பெரிய கன்றுக்குப் பெரிய குழி வேண்டியிருக்கும், அதனால் சின்னக் கன்றாக எடுங்கள். விரல் மொத்த வேர் தட்டுப்பட்டால் வெட்டாமல் ஒரு சாண் தள்ளி நடுங்கள். மண்ணில் இருக்கும் ஈரத்தை மரம் முந்திக் குடித்துவிடும். முதல் வருசம் வெயில் காலத்தில் கன்றுக்குத் தண்ணீர் ஊற்றாவிட்டால் பிழைக்காது. சருகைக் கூட்டி எரிக்கிறீர்களே, அதைக் கன்றைச் சுற்றிப் பரப்புங்கள்.

சில வீடுகளில் அழகுக்காகத் தண்டைச் சுற்றிக் கல் அடுக்கி மண் நிரப்புகிறார்கள். வேர் மூச்சு முட்டிப்போகும், அடித்தண்டும் அழுகும். பீலித் தண்ணீரை மரத்தடிக்குத் திருப்புவதும் அப்படித்தான். தண்ணீர் தேங்கினால் இந்த மரம் தாங்காது.

இஞ்சி போட ஆசையுள்ளவர்கள் உரச்சாக்கில் மண் நிரப்பி வாசலோரம் வையுங்கள். ரம்பைக்குக் காசு செலவழிக்க வேண்டியதில்லை. பக்கத்து லயத்தில் புதர் நின்றால் ஒரு பக்கக்கன்று கேளுங்கள், இல்லையென்று சொல்ல மாட்டார்கள்.