பாட்டோடு கை ஓடாமல் இருக்க



வகுப்பில் கிட்டார் மீட்டிப் பாட விரும்பும் ஆசிரியர்கள் பலர் என்னிடம் சொல்வது ஒன்றுதான். "தனியாக வாசித்தால் கை சரியாகப் போகிறது. தனியாகப் பாடினாலும் குறையில்லை. சேர்த்தால் கை பாட்டின் பின்னால் ஓடிவிடுகிறது." உண்மைதான். வாயிலிருந்து வரும் ஒவ்வொரு எழுத்தும் கையையும் இழுக்கும். சொல் விழும் இடத்திலெல்லாம் தந்தியைத் தட்டத் தோன்றும்.

கைக்குப் பாதி, வாய்க்குப் பாதி என்று கவனத்தைப் பிரிக்கப் பார்க்கிறோம். நன்றாக வாசிப்பவர்கள் பிரிப்பதில்லை. இரண்டையும் பின்னி ஒன்றாகவே பழகியிருக்கிறார்கள். இப்போதே செய்து பாருங்கள். ஆறு வரை சீராக எண்ணுங்கள். வலக்கை 1, 3, 5இல் தொடையைத் தட்டட்டும். இடக்கை 1, 4இல். மூன்றும் இரண்டும் மோதுவதுபோல் இருக்கும். வரிசையாகச் சொன்னால் 'சேர்ந்து, வலது, இடது, வலது'. அவ்வளவுதான்! இரண்டு தாளம் ஒரே தாளமாகிவிட்டது.

கிட்டாரில் தொடக்கத்தில் பலரும் கற்கும் மீட்டல் ஒன்று உண்டு. நான்கு எண்ணிக்கை. ஒவ்வொன்றிலும் கை ஒருமுறை இறங்கி ஒருமுறை ஏறும். முதலில் கீழ், இரண்டில் கீழ், மேல், மூன்றில் மேல் மட்டும், நான்கில் கீழ், மேல். மூன்றாம் எண்ணிக்கையில் கை இறங்கும், தந்தியைத் தொடாது. பாடுகிறவர் தடுமாறுவது பெரும்பாலும் அங்கேதான். சொல் அங்கே விழுகிறது, தந்தி ஒலிக்கவில்லை. உடனே கை நின்றுவிடுகிறது. ஒலித்தாலும் ஒலிக்காவிட்டாலும் கை ஆடிக்கொண்டே இருக்க வேண்டும். ஆதி தாளத்தில் வீச்சுக்கு ஓசை இல்லை. அதற்காக அதை எண்ணாமல் விடுகிறோமா?

எடுப்பும் அப்படித்தான். தாளத்தோடு தொடங்கினால் சமம், முன்பே தொடங்கினால் அதீதம், பின்பு தொடங்கினால் அனாகதம் என்கிறோம். கிட்டாரோடு பாடும் பாடல்கள் பலவற்றில் முதற்சொல் தாளத்துக்கு முன்பே வந்துவிடும். 'கார்ட்ஸ்' என்கிறோமே, அந்தச் சுரக்கூட்டு அடுத்த சமத்தில்தான் மாறும். சொல்லைக் கண்டதும் விரலை மாற்றினால் பாட்டு முழுவதும் நொண்டும். பாடல் தாளில், சமம் விழும் எழுத்தின் மேல் மட்டும் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள்.

முதலில் இடக்கையைத் தந்திமேல் இலேசாக வைத்து ஒலியை அடக்கிக்கொண்டு மீட்டுங்கள். "சாப்பிட்டாச்சா?" என்று வீட்டில் கேட்டால், கை நிற்காமல் பதில் சொல்ல வர வேண்டும். வந்தபின் வரியை இராகமின்றிப் பேச்சாகச் சொல்லுங்கள். பிறகு பாடுங்கள். ஒரு நாளைக்கு ஒரு வரி போதும். வேகத்தைப் பற்றி இப்போது நினைக்கவே வேண்டாம்.

நமக்குக் கை ஓடுவதுபோலத்தான் பிள்ளைகளுக்கும். எட்டாம் வகுப்பில் ஒரு மாணவி எழுத்துக்கு எழுத்து கைதட்டுவாள். "நீ தட்டாதே, பாடு மட்டும்" என்று சொல்லியே வைத்திருந்தார்கள். இந்த வார்த்தையை நாம் விட்டுவிட வேண்டும் என்பது என் கருத்து. தாளம் வராத பிள்ளையல்ல அவள். சொல்லைக் கவனமாகப் பின்தொடர்ந்தவள். வராந்தாவில் நடந்துகொண்டே பாடச் சொன்னேன். கால் தன் கணக்கில் போனது, பாட்டு தன் கணக்கில் போனது. இரண்டு வாரத்தில் காலின் கணக்கு கைக்கு வந்தது.

முதற்பாடலாக, தாளைப் பார்க்காமல் பாட வருகிற ஒன்றையே எடுங்கள். இரண்டாம் வகுப்புப் பாட்டாக இருந்தாலும் சரி.