இடிப்பதற்கு முன் எழுதி வாங்குங்கள்!

(நகர்ப்புறச் சீரமைப்புத் திட்டங்கள் குறித்த கூட்டத்தில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



"ஊர் முன்னேற வேண்டும், நீங்கள் கொஞ்சம் விட்டுக் கொடுங்கள்" என்று யாராவது சொன்னால், எனக்கு அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரம் நினைவுக்கு வருகிறது. அங்கே ஓர் அரங்கம் எழுந்து, பழசாகி, இடிந்த கதையைச் சொல்கிறேன். பொறுமையாகக் கேளுங்கள்.

நகரின் மையத்தை ஒட்டி ஹில் டிஸ்ட்ரிக்ட் என்றொரு பகுதி. பெரும்பாலும் கறுப்பின மக்கள். இத்தாலியரும் யூதரும் சிரியரும் கூட வாழ்ந்தார்கள். வீடுகள் பழையவை, நெருக்கடியானவை, மறுக்கவில்லை. ஆனால் பழைய வீட்டைச் செப்பனிட ஒரு வழி, இடித்துத் தள்ள ஒரு வழி. அதிகாரிகள் எதைத் தேர்ந்தெடுத்தார்கள்? 'சேரி' என்று பெயர் சூட்டினார்கள். பெயர் சூட்டிய பிறகு இடிப்பது எளிதல்லவா?

1956-ல் இடிப்பு தொடங்கியது. 95 ஏக்கர். சுமார் 1,300 கட்டடங்கள். 400-க்கும் மேற்பட்ட கடைகள், தொழில்கள். வெளியேற்றப்பட்டவர்கள் 8,000 பேர்! பெத்தேல் என்ற கறுப்பின மக்களின் தேவாலயமும் 1957-ல் தரைமட்டமானது. அருகிலிருந்த கத்தோலிக்கத் தேவாலயம் மட்டும் தப்பியது. ஏன் அது, ஏன் இது அல்ல என்று அம்மக்கள் இன்றும் கேட்கிறார்கள்.

1961-ல் சிவிக் அரீனா திறக்கப்பட்டது. திறந்து மூடும் எஃகுக் கூரை! உலகமே வியந்தது. சுற்றிலும் கலை மையம் வரும் என்றார்கள். வந்தது என்ன? பெரும்பகுதி கார் நிறுத்துமிடம்! மக்கள் அறுபதுகளில் கிராஃபோர்டு தெரு முனையில் பலகை நட்டார்கள்: இதற்கு மேல் இடிக்கக் கூடாது. அந்த எல்லையில் இடிப்பு நின்றது.

சகோதரர்களே, அந்த அதிசயக் கூரைக்கும் வயதானது. 2010-ல் எதிரிலேயே புதிய அரங்கம் திறக்கப்பட்டது. பழையது 2011, 2012-ல் இடிக்கப்பட்டது. 28 ஏக்கர் காலியானது. அது யாருக்கு? அதை மேம்படுத்தும் உரிமை, 2007-ல் புதிய அரங்கத்துக்காகப் போட்ட ஒப்பந்தத்திலேயே ஐஸ் ஹாக்கி அணிக்குப் போய்விட்டது!

இம்முறை மக்கள் தூங்கவில்லை. சுமார் நூறு அமைப்புகள் 'ஒன் ஹில்' என்று ஒன்று சேர்ந்தன. 2008-ல் மக்கள் நல ஒப்பந்தம் கையெழுத்தானது. வேலையில் முன்னுரிமை, மளிகைக் கடைக்கு உதவி என்றெல்லாம் எழுதி வாங்கினார்கள். 2013-ல் கடை திறந்தது, மகிழ்ந்தார்கள். 2019-ல் மூடப்பட்டது. கடையைத் திறக்க எழுதி வாங்கினார்கள். அது நிலைத்து நடக்க யார் பொறுப்பு? நிலமோ, அரங்கம் இடிந்து பல ஆண்டுகள் பெரும்பாலும் கார் நிறுத்துமிடமாகவே கிடந்தது. முதல் பெரிய கட்டடம் எழுந்து திறக்க 2024 ஆனது. அதுவும் ஒரு வங்கியின் அலுவலகக் கோபுரம்.

ஒரு நல்ல செய்தியும் உண்டு. பெத்தேல் தேவாலயத்துக்கு ஒன்றரை ஏக்கர் நிலத்தைத் திருப்பித் தர ஹாக்கி அணி 2023-ல் சம்மதித்தது. இடித்து 66 ஆண்டுகள் கழித்து! இடிபட்டபோது தொட்டிலில் கிடந்த குழந்தைக்கு அப்போது நரை விழுந்திருக்கும். அதுவும் சும்மா கிடைக்கவில்லை; விடாமல் கேட்டதால் கிடைத்தது.

சிந்தித்துப் பாருங்கள்! அரங்கம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பழையது புதுப்பிக்கப்படத்தான் வேண்டும். ஆனால் கடப்பாரை விழுவதற்கு முன் மூன்றைக் கேளுங்கள்:

ஒன்று, வாடகைக் குடித்தனக்காரரும் சிறு கடைக்காரரும் கணக்கில் வந்தார்களா?

இரண்டு, மாற்று இடம் எங்கே, எந்தத் தேதிக்குள்?

மூன்று, வாக்குத் தவறினால் நிலம் யாருக்குத் திரும்பும்?

பதில் வாய்வார்த்தையாக வந்தால் ஏற்காதீர்கள். எழுத்தில் வாங்குங்கள். வீடு நிற்கும்போது கேட்பவனுக்கு மதிப்பு உண்டு. இடிந்த பிறகு கேட்பவன் மனுதாரன் மட்டுமே!